செவியும் சொல்லும்: ரசிகமணி டி.கே.சி.யின் இசை, இலக்கியக் கருத்துகளும் அவற்றின் அளவுகோலும்

ஆய்வுச் சுருக்கம்

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) தமிழ்த் திறனாய்வு வரலாற்றில் ரசனைமுறைத் திறனாய்வின் முன்னோடியாகக் குறிக்கப்படுகிறார். கவிதை குறித்தும் இசை குறித்தும் அவர் வெளிப்படையாகக் கூறிய கருத்துகள் பாராட்டுக்கும் மறுப்புக்கும் ஒருசேர உள்ளாயின. எனினும் அவ்விரு துறைக் கருத்துகளும் தனித்தனியாகவே ஆராயப்பட்டு வந்துள்ளன. இலக்கியத்தை அவர் இசை கேட்பவரின் செவியாலும், இசையை இலக்கிய வாசகரின் சொல்லுணர்வாலும் அளந்தார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இந்த அளவுகோல் பரிமாற்றமே அவருடைய நுட்பங்களுக்கும், கம்பராமாயணப் பாட ஆய்விலும் தமிழிசை வாதத்திலும் அவர் எல்லை மீறிய இடங்களுக்கும் காரணம் என்பதைச் சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டி.கே.சி., ரசனைமுறைத் திறனாய்வு, கம்பராமாயணம், முத்தொள்ளாயிரம், பாடத் திறனாய்வு, தமிழிசை இயக்கம், ஆளத்தி.

முன்னுரை

ஒரு படைப்பைக் கேட்டோ படித்தோ முடித்த ஒருவர், 'இது நன்று, இது நன்றன்று' என்று ஒளிவுமறைவின்றிக் கூறுவது திறனாய்வாகுமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. உரையாசிரியர் மரபில் நயங்கூறல் உண்டு; ஆனால் அது நூலின் பெருமையை முன்னரே ஏற்றுக்கொண்டு தொடங்குவது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான், அச்சிதழ்களின் வரவோடு, தனிமனிதச் சுவைஞர் ஒருவர் தம் விருப்பு வெறுப்புகளைப் பொதுவில் வைத்து வாதிடும் வழக்கம் வலுப்பெற்றது. பாரதியார் தம் காலத்துக் கச்சேரிகளைப் பற்றி எழுதிய 'சங்கீத விஷயம்' கட்டுரை, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய இசை, நடன விமரிசனங்கள், டி.கே.சி.யின் 'இதய ஒலி' கட்டுரைகள் ஆகியவை இவ்வழக்கத்தின் முதன்மையான சான்றுகள்.

இம்மூவருள் டி.கே.சி.யின் நிலை தனித்தன்மை உடையது. பாரதியார் கவிஞர், கல்கி புனைகதையாளர், இதழாசிரியர். டி.கே.சி.யோ தம்மைப் படைப்பாளியாக முன்வைக்காதவர். சுவைப்பவர் என்ற நிலையிலேயே நின்று பேசியவர். அவருக்கு வழங்கிய 'ரசிகமணி' என்னும் பெயரும் அதையே சுட்டுகிறது. எனவே, கேட்பவரும் வாசகருமான ஒருவரின் கருத்து எந்த அளவுக்கு அறிவுச் சான்றாக நிற்கும் என்பதை ஆராய அவரே பொருத்தமான எடுத்துக்காட்டு. அவருடைய முடிவுகளை ஏற்பதோ மறுப்பதோ இக்கட்டுரையின் முதல் நோக்கமன்று. அம்முடிவுகளை அவர் எந்தக் கருவியால் எட்டினார், அக்கருவி எதை அளக்க வல்லது என்பதே ஆய்பொருள்.

வட்டத்தொட்டியும் கேள்விச் சூழலும்

டி.கே.சி. சட்டம் பயின்றவர், சென்னை மாகாணத்தின் இந்து சமய அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணியாற்றியவர், 1954இல் குற்றாலத்தில் மறைந்தவர். முறையான புலவர் கல்வி வழியாகத் தமிழுக்கு வந்தவர் அல்லர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்தில் நண்பர்கள் கூடிக் கவிதையை வாய்விட்டுச் சொல்லியும் கேட்டும் சுவைத்த கூட்டமே 'வட்டத்தொட்டி' எனப் பெயர் பெற்றது. நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவருடைய வட்டத்தில் ஊன்றி நின்றவர்கள். இராஜாஜி, கல்கி ஆகியோரோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. பிற்காலத்தில் கரிசல் எழுத்தின் தலைமகனாக விளங்கிய கி. ராஜநாராயணனும் டி.கே.சி.யிடம் பெரும் ஈடுபாடு கொண்டவர்.

இச்சூழலில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வட்டத்தொட்டியில் கவிதை வாசிக்கப்பட்டது என்பதைவிட நிகழ்த்தப்பட்டது என்பதே பொருந்தும். ஒரு செய்யுளை நிறுத்தி, இழுத்து, மீண்டும் மீண்டும் சொல்லி, அதன் பாவம் கேட்போருக்குப் புலப்படும்வரை விடாமல் நிகழ்த்துவது டி.கே.சி.யின் முறை. இது கச்சேரியில் நிரவலுக்கு ஒப்பானது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் அதன் வேறொரு முகத்தைக் காட்டும் இசைக்கலைஞரின் செயலைச் செய்யுளுக்கு அவர் செய்தார். அவருடைய எழுத்துநடையும் புலவர் உரைநடையைத் தவிர்த்துப் பேச்சின் ஏற்ற இறக்கங்களோடு அமைந்தது. ஆக, அவர் இலக்கியத்தை அணுகிய வாயில் கண்ணைவிடச் செவியே.

இலக்கியத்தைச் செவியால் அளத்தல்

கவிதையில் உருவமே முதன்மையானது என்பது டி.கே.சி. வலியுறுத்திய கருத்து. உருவம் என்று அவர் கருதியது யாப்பிலக்கண வாய்பாட்டை அன்று. உணர்ச்சி தனக்குரிய தாளத்தோடு சொல்லில் வந்து அமர்ந்த நிலையையே அவர் உருவம் என்றார். எதுகையும் மோனையும் தளையும் பிழையின்றி அமைந்தும் இந்த அமைவு இல்லாதவை அவருக்குக் கவிகள் ஆகா. அக்காலத்துச் செய்யுள் இயற்றுவோர் பலருக்கு இது கசப்பான கருத்தாகவே இருந்திருக்கும்.

மரபிலக்கணத்தோடு இக்கருத்தை ஒப்பிட்டால் அதன் வேர் புலப்படும். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவலோசை, கலிக்குத் துள்ளலோசை, வஞ்சிக்குத் தூங்கலோசை என்று ஓசையைக் கொண்டே பாவகையை வேறுபடுத்துவது தமிழ் யாப்பியல். தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணங்கள் இருபது எனத் தொகுத்துக் கூறுகிறது. செவி என்பது தமிழ்க் கவிதையியலுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அளவுகோல் அன்று. டி.கே.சி. இலக்கணக் கலைச்சொற்களை விலக்கிவிட்டு, அவை எந்த அனுபவத்திலிருந்து பிறந்தனவோ அந்த அனுபவத்தைத் திரும்பப் பெற முயன்றார் எனலாம்.

இம்முயற்சியின் பயனை முத்தொள்ளாயிரத்தில் தெளிவாகக் காணலாம். அந்நூலுக்கு அவர் உரையெழுதி வெளியிட்டார். சேரனின் உலாவைக் காண விழையும் மகளிரையும் அவர்களைத் தடுக்கும் தாயரையும் பாடும் வெண்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாயர் அடைக்கிறார்கள், மகள் திறக்கிறாள், அடைப்பதும் திறப்பதுமாக ஏதோ ஒன்று தேய்ந்துபோயிற்று. அது எது என்பதைச் செய்யுள் கடைசிச் சீர்வரை சொல்லாமல் வைத்திருக்கிறது. இறுதியில் வரும் 'கதவு' என்னும் ஒரே சொல்லில் தொடரும் முடிகிறது, வெண்பாவும் முடிகிறது. ஈற்றடி முச்சீராய்க் குறுகிப் 'பிறப்பு' என்னும் வாய்பாட்டில் நிற்கும் யாப்பமைதியும், பொருள் முடிவு பெறும் இடமும் ஒன்றாகின்றன. அச்சில் நான்கு அடிகளையும் ஒருங்கே காணும் கண்ணுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. சொல் ஒவ்வொன்றாக வந்து சேரும் செவிக்கே அது கிட்டுகிறது. டி.கே.சி. வலியுறுத்திய உருவம் என்பதன் பொருளை இவ்வெண்பா வரையறையின்றியே விளக்கிவிடுகிறது.

கம்பனிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். சூர்ப்பணகை அழகுருக் கொண்டு இராமன்முன் வரும் செய்யுளில் ஞகர ஒற்றும் சகர உயிர்மெய்யும் இணைந்த ஒலி அடிதோறும் அடுக்கி வருகிறது. நடையின் அசைவை அது காட்டுகிறது என்று பொதுவாக நயம் கூறுவர். கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் புலப்படும். வஞ்சிக்கொடிக்கும் நஞ்சுக்கும் வஞ்சத்துக்கும் அதே ஒலித்தொகுதியே பயன்படுகிறது. மென்மைக்கும் கொடுமைக்கும் ஒலியளவில் வேறுபாடு இல்லை என்பதால், இராமனின் கண்முன் நிகழும் மாறுவேடம் கேட்பவரின் செவியிலும் நிகழ்கிறது. இங்கே ஓசை அணியாக நிற்கவில்லை, கதைப்பொருளாகவே செயல்படுகிறது. இத்தகைய இடங்களில் செவியே சிறந்த திறனாய்வுக் கருவி. பொருளுரை மட்டும் எழுதிச்செல்லும் ஆய்வுகள் இதனைத் தவறவிடுகின்றன.

செவி சான்றாகும்போது: கம்பராமாயணப் பாடச் சிக்கல்

கம்பராமாயணம் இன்று 10,000க்கும் மேற்பட்ட செய்யுட்களோடு வழங்குகிறது. இவற்றுள் பெரும்பகுதி கம்பருடையன அல்ல, பிற்காலத்தார் செருகியவை என்று டி.கே.சி. வாதிட்டார். தமக்குக் கம்பருடையவை எனத் தோன்றியவற்றைத் தேர்ந்து, உரைநடையால் இணைத்து 'கம்பர் தரும் ராமாயணம்' என வெளியிட்டார். தேர்ந்த செய்யுட்களிலும் பொருந்தாதவை எனப்பட்ட சொற்களை மாற்றி அமைத்தார். அவருடைய கருத்துகளுள் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளானது இதுவே.

நியாயம் கருதி முதலில் ஒன்றைக் கூறவேண்டும். இடைச்செருகல் உண்டு என்னும் அவருடைய ஐயம் ஆதாரமற்றதன்று. கம்பராமாயணச் சுவடிகளிடையே பாட வேறுபாடுகள் மிகுதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு, கோவைக் கம்பன் கழகப் பதிப்பு முதலியன மிகைப்பாடல்களைப் பிரித்தே காட்டுகின்றன. வாய்மொழியாகச் சொல்லப்பட்டும் விரித்துரைக்கப்பட்டும் வந்த ஒரு காப்பியம் காலந்தோறும் வளர்வது இயல்பு. டி.கே.சி. எழுப்பிய வினா சரியானதே. விடை காண அவர் கையாண்ட வழியே ஆய்வுக்குரியது.

அவ்வழியில் மூன்று படிகள் உள்ளன. இச்செய்யுள் நன்றாக இல்லை என்பது முதற்படி. ஆகவே இது கம்பருடையதன்று என்பது இரண்டாம் படி. இச்சொல் நன்றாக இல்லை, ஆகவே ஏடெழுதியோர் பிழை, எனவே வேறு சொல் இருந்திருக்க வேண்டும் என்பது மூன்றாம் படி. முதற்படி சுவைஞரின் உரிமை. அதை யாரும் மறுக்க இயலாது. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குச் செல்ல, 'கம்பர் ஒருபோதும் தளர்ந்து பாடியதில்லை' என்னும் சொல்லப்படாத முற்கோள் ஒன்று தேவைப்படுகிறது. ஆறு காண்டங்கள் கொண்ட ஒரு காப்பியத்தில் உச்சங்களை இணைக்கும் சமதளச் செய்யுட்கள் இருந்தே தீரும். தூது, பயணம், படைவகுப்பு, உரையாடலின் தொடக்கமும் முடிவும் ஆகியவற்றைச் சுமக்கும் செய்யுட்கள் தனியே எடுத்துச் சொல்லிச் சுவைப்பதற்கு உரியன அல்ல. கூட்டத்தில் ஒரு செய்யுளைத் தனித்து நிகழ்த்திப் பழகிய செவிக்கு, காப்பியத்தின் நீண்ட மூச்சு குறையாகவே படும்.

மூன்றாம் படி இன்னும் சிக்கலானது. பாடத் திறனாய்வில் இரு பாடங்கள் முரணும்போது அரிய பாடத்துக்கு முன்னுரிமை தருவது ஒரு நெறி. ஏனெனில் ஏடெழுதுவோர் அரிய சொல்லை எளிதாக்கவே முனைவர். எளிய சொல்லை அரிதாக்குவது அருகியே நிகழும். செவியை மட்டும் நம்பிச் சொல்லை மாற்றுபவர் தமக்கு இயல்பாக ஒலிக்கும் சொல்லையே தேர்வார். அதாவது, ஏடெழுதியோர் எத்திசையில் பிழைபட்டனரோ அத்திசையிலேயே அவரும் செல்கிறார். இடைச்செருகல் செய்தவரைப் பற்றிச் சிந்தித்தாலும் இதே நிலைதான். கம்பனில் தோய்ந்து, 'இவ்விடத்தில் இன்னும் இரண்டு செய்யுள் இருந்தால் சிறக்கும்' என்று கருதிய ஒரு சுவைஞர்தான் அவரும். நீக்குபவரும் சேர்ப்பவரும் ஒரே உரிமையைக் கோருகின்றனர்.

பதிப்புத் துறையில் உ.வே. சாமிநாதையரும் எஸ். வையாபுரிப் பிள்ளையும் நிலைநிறுத்திய நெறி இதற்கு மாறானது. பல சுவடிகளை ஒப்பிடுதல், வேறுபாடங்களை அடிக்குறிப்பில் தருதல், தம் தேர்வுக்கு எதிரான சான்றையும் வாசகர் முன் வைத்தல் என்பவை அந்நெறியின் கூறுகள். அப்பதிப்பாசிரியர்களுக்கும் செவி உண்டு. ஆனால் தம் செவி தவறினால் பின்வருபவர் திருத்துவதற்கு வழிவிட்டுச் சென்றார்கள். டி.கே.சி.யின் பதிப்பில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இங்கே முத்தொள்ளாயிரத்தின் வரலாற்றை மீண்டும் நினைவுகூர்வது பொருந்தும். நூற்பெயர் 900 செய்யுட்களைக் குறிக்கிறது; மூவேந்தர் ஒவ்வொருவருக்கும் 900 வீதம் 2,700 என்று கொள்வாரும் உண்டு. இன்று எஞ்சியவை நூறைச் சற்றே தாண்டும். அவையும் பெரும்பாலும் 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலால் காக்கப்பட்டவை. புறத்திரட்டின் தொகுப்பாளரும் தேர்ந்தெடுத்த ஒரு வாசகரே. அவர் தேர்ந்ததால் டி.கே.சி. போற்றிய வெண்பாக்கள் நமக்குக் கிடைத்தன. அவர் தேராதவை, முழுநூல் அழிந்ததால், மீட்கவியலாதபடி மறைந்தன. ஒரு சுவைஞரின் தேர்வு எதைக் காக்கும், எதை இழக்கச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் இல்லை. புறத்திரட்டுக்காரர் தம் நூலைத் திரட்டு என்றே அழைத்தார். விட்டவை போலி என்று கூறவில்லை. டி.கே.சி.யின் நூலும் 'ஒரு திரட்டு' என்ற பெயரோடு வந்திருந்தால் பெரும்பாலான மறுப்புகளுக்கு இடமிருந்திராது. 'கம்பர் தரும்' என்னும் தலைப்பு, தேர்ந்தவரை மறைத்துக் கம்பரையே சான்றாக்குகிறது.

இசையைச் சொல்லால் அளத்தல்

இலக்கியத்தில் செவியை முன்வைத்த டி.கே.சி., இசையில் சொல்லை முன்வைத்தார். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளங்காத மொழியில் பாடும்போது பாவம் பிறப்பதில்லை என்பது அவருடைய தமிழிசைக் கருத்தின் மையம்.

இதன் வரலாற்றுச் சூழலைச் சுருக்கமாகக் குறிக்கலாம். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கப்பட்டது. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனங்களே மிகுதியாக ஒலித்தன. பொருள் உணராமல் ஒரு சில உருப்படிகளையே ஊர்தோறும் திரும்பப் பாடுவதைப் பாரதியார் முன்னரே கடுமையாக எள்ளி எழுதியிருந்தார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மாநாடு தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை கோரியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார், இராஜாஜி, கல்கி ஆகியோரோடு டி.கே.சி.யும் இவ்வியக்கத்துக்குத் துணைநின்றார்.

மொழிப்பற்று, இன உணர்வு ஆகிய வாதங்களிலிருந்து டி.கே.சி.யின் வாதத்தைப் பிரித்தறிய வேண்டும். அவருடையது சுவை சார்ந்த வாதம். கேட்பவர் எதை இழக்கிறார் என்பதே அதன் வினா. இவ்வாதத்தில் இசையியல் அளவில் உண்மை உண்டு. பொருள் அறியாத பாடகர் சொல்லைத் தவறான இடத்தில் பிரிப்பார். அழுத்தம் பெறவேண்டிய சொல் தாளத்தின் இடுக்கில் நசுங்க, பொருளற்ற ஓர் அசை சங்கதியின் உச்சியில் நிற்கும். நிரவலில் இது மேலும் தெளிவாகும். ஓர் அடியைப் பலவாறு விரித்துப் பாடும் அவ்வுறுப்பில், அடியின் பொருள் தெரிந்த கேட்பவருக்கு ஒவ்வொரு மீள்வரவும் ஒரு புதிய உரை. தெரியாதவருக்கு அது சுரக்கோவையின் மற்றொரு வடிவம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்திலும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளிலும் சொல்லின் இயல்பான நடையிலிருந்தே மெட்டின் நடை எழுகிறது. இத்தகைய பாடல்களுக்கு மேடை வேண்டும் என்ற கோரிக்கை இசையின் தரத்தை உயர்த்தும் கோரிக்கையே. இதனால் தரம் குன்றும் என்று அஞ்சியவர்கள் அஞ்சிய அளவுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை என்பதைப் பின்வந்த கச்சேரி வழக்கு மெய்ப்பித்தது.

ஆனால் பொருள் விளங்குதல் என்னும் அளவுகோலைச் சார்பின்றிப் பொருத்தினால், அது தமிழ்ப் பாடல்களையும் சோதிக்கும். ஏழாம் நூற்றாண்டுத் தேவாரப் பதிகங்களின் சொற்கள் இன்றைய கேட்பவர் அனைவருக்கும் உரையின்றி விளங்குவன அல்ல. அருணகிரிநாதரின் திருப்புகழில் வடசொற்கள் மிடைந்த நீண்ட தொடர்கள் சந்தத்தின் வேகத்தில் கடந்து செல்கின்றன. முழுப்பொருள் அறியாமலே அதில் தோய்பவர் பலர். அவர்களுடைய சுவைப்பைப் போலி என்று தள்ள இயலாது. கவிதையில் ஓசையே உணர்வைத் தரும் என்று வாதிட்ட டி.கே.சி.யின் இலக்கியக் கொள்கையே அவர்களுக்குத் துணையாக வரும். ஓசை வழியாகப் பாவம் பிறக்கும் என்பதை இலக்கியத்தில் ஏற்று, இசையில் அதற்குச் சொல்லின் பொருளை முன்நிபந்தனை ஆக்குவது கொள்கையளவில் முரண்.

மொழி எல்லையும் அத்தனை எளிதானதன்று. தியாகராஜர் தெலுங்கில் பாடியது திருவையாற்றில். நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சையில் தெலுங்கு அரசவை மொழியாகவும் கலைமொழியாகவும் விளங்கியது. அவ்வட்டாரக் கலைஞர்களுக்கு அது கேட்டறியாத அயல்மொழி அன்று. 1940களின் சென்னைக் கேட்பவருக்கு அது அயலாகியிருந்தால், அந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பது வரலாறு விளக்கவேண்டிய செய்தி. ஒரு காலத்துக் கேட்பவரின் நிலையை எல்லாக் காலத்துக்கும் பொது விதியாக்குவது பொருந்தாது.

சொல்லற்ற இசை

இந்த அளவுகோலின் வரம்பு முழுமையாகப் புலப்படுவது சொல் இல்லாத இசையில். இராக ஆலாபனை, தானம், கற்பனைச்சுரம் ஆகியவை கச்சேரியின் பெரும்பகுதியைக் கொள்கின்றன. அவற்றில் சாகித்தியம் இல்லை. நாகசுரத்தில் கீர்த்தனமே வாசிக்கப்பட்டாலும் சொல் காதில் விழுவதில்லை. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் ஒலிக்கும் மல்லாரிக்குச் சொல்லே கிடையாது. டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு மணிக்கணக்கில் நின்ற கூட்டம் எந்த மொழியின் பொருளையும் பற்றி நிற்கவில்லை. டி.கே.சி.யின் திருநெல்வேலிச் சீமை காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964) ஈன்ற மண். அந்த மண்ணில் எளிய மக்களும் இராகத்தின் விரிவைக் கேட்டுத் தலையசைத்தனர்.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஆளத்தியை விளக்குகிறார். சொல்லுக்கு முன்னும் சொல்லைக் கடந்தும் பண்ணை விரிக்கும் முறைக்குத் தமிழில் தனிப்பெயரே இருந்திருக்கிறது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) ஆகிய இரு பெருநூல்களும் தமிழிசையின் தொன்மையைப் பண், சுருதி, நரம்பு, கருவி ஆகியவற்றின் வழியாகவே நிறுவ முயன்றன. ஆகவே, தமிழிசை ஆய்வில் சொல்லைச் சார்ந்த கிளை, பண்ணைச் சார்ந்த கிளை என இரண்டு உண்டு. டி.கே.சி. முதற் கிளையின் வலிமையான குரல். இரண்டாம் கிளைக்குரிய கருவி அவருடைய அளவுகோலில் இல்லை. தமிழிசை என்றால் தமிழ்ச் சாகித்தியம் என்று மட்டும் பொருள்கொள்ளும் போக்கு இன்றும் தொடர்வதற்கு இக்கிளை ஓங்கி ஒலித்ததும் ஒரு காரணம் எனலாம்.

வெளிப்படைக் கருத்தின் பயனும் வரம்பும்

ரசனைமுறைத் திறனாய்வு பின்னாளில் இரு திசைகளிலிருந்து கேள்விக்குள்ளானது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் வழி, படைப்பைக் கூறுகூறாகப் பகுத்துக் காட்டும் முறையை வற்புறுத்தினார். க. கைலாசபதி முதலிய மார்க்சியத் திறனாய்வாளர்கள், தனிமனிதச் சுவை என்பது சமூக நிலையால் உருவாவது என்றும், அதைப் பொது அளவுகோலாக நிறுத்துவது அச்சார்பை மறைக்கிறது என்றும் வாதிட்டனர். இவ்விரு மறுப்புகளும் வலுவானவை. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். வட்டத்தொட்டி ஒத்த மனத்தினர் கூடிய அவை. அங்கே ஒரு கருத்து விரிவுபெறும், மெருகேறும். எதிர்ச்சான்றால் சோதிக்கப்படும் வாய்ப்புக் குறைவு. நண்பர்களின் வியப்பு, கருத்துக்கு அரண் ஆகிவிடும்.

ஆயினும் இக்குறைகளைச் சுட்டி அம்முறையை முற்றாக ஒதுக்கியதால் தமிழ்க் கல்விப்புலம் பெற்ற இழப்பும் சிறிதன்று. கம்பனைப் பற்றி ஒரு செய்யுளையேனும் வாய்விட்டுச் சொல்லாமல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிவிட முடிகிறது. கோட்பாட்டுச் சட்டகம் ஒன்றைத் தேர்ந்து, அதன் கட்டங்களில் செய்யுட்களை நிரப்பினால் இயல் முடிந்துவிடுகிறது. அச்செய்யுள் நல்ல செய்யுளா என்ற வினாவே எழுவதில்லை. டி.கே.சி. அந்த வினாவை எழுப்பினார். தம் விடையைத் தயங்காமல் சொன்னார். சொன்னதனாலேயே பிறர் மறுக்க முடிந்தது. மறுக்கும் வாய்ப்பை வாசகருக்குத் தருவது வெளிப்படைக் கருத்தின் முதற்பயன். புலவர் அவையில் வாய்திறக்கத் தயங்கிய பொதுவாசகருக்குக் கவிதையைப் பற்றிப் பேசும் துணிவைத் தந்தது அதன் இரண்டாம் பயன். கி. ராஜநாராயணன் பேச்சுமொழியின் ஓசையை எழுத்தில் ஏற்றிய துணிவுக்குப் பின்னால் இச்செவி மரபும் நிற்கிறது என்று கருத இடமுண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. டி.கே.சி. இலக்கியத்தைக் கேட்பவராகவும் இசையை வாசகராகவும் அணுகினார். செவியால் அளந்தபோது வெண்பாவின் காத்திருப்பையும் விருத்தத்தின் சந்தப்பொருளையும் கண்டார். அதே செவியை நூலாசிரியரை உறுதிசெய்யும் சான்றாகக் கொண்டபோது எல்லை மீறினார். சொல்லால் அளந்தபோது கச்சேரி மேடையின் உண்மையான குறையொன்றைச் சுட்டினார். அதே சொல்லை இசை முழுமைக்கும் அளவாக்கியபோது ஆளத்தியும் நாகசுரமும் அவர் அளவுக்கு வெளியே நின்றன.

இதிலிருந்து இன்றைய ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, செய்யுட் பாடத்தில் பொருளுரைக்கு முன் வாய்விட்டு வாசித்தலுக்கு நேரம் ஒதுக்குதல். ஓசை வழியாகக் கண்ட செய்தியை மாணவர் தம் சொற்களில் எழுதச் செய்தல். இரண்டாவது, டி.கே.சி.யின் கம்பராமாயணத் தேர்வைப் பாடத் திறனாய்வுச் சான்றாகக் கொள்ளாமல் ஒரு திரட்டாகக் கொண்டு, அவர் மாற்றிய சொற்களைப் பதிப்புகள் தரும் வேறுபாடங்களோடு செய்யுள்தோறும் ஒப்பிடுதல். அவருடைய செவி எத்தனை இடங்களில் சுவடிச் சான்றோடு ஒத்துப்போகிறது என்பதை அவ்வொப்பீடு காட்டும். மூன்றாவது, தமிழிசை குறித்த ஆய்வேடுகளில் சாகித்தியம் பற்றிய மதிப்பீட்டையும் பண் பற்றிய மதிப்பீட்டையும் தனித்தனி இயல்களாக அமைத்தல். இவற்றுள் இரண்டாவது பணி உடனடியாகத் தொடங்கத்தக்கது. அதற்குத் தேவையான பதிப்புகள் அனைத்தும் நம் நூலகங்களில் உள்ளன.